துவாலு போக நினைப்பவர்களுக்கு: ஃபுனாஃபுட்டி பயண விவரங்களும் ஒரு கேள்வியும்

கடலோடி:
வணக்கம் நண்பர்களே. அண்மையில் துவாலு போய் வந்தேன். போகிறேன் என்று சொன்னபோது பாதிப் பேருக்கு அப்படி ஒரு நாடு இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மூழ்கிப் போகிற நாடுதானே அது? மூழ்குவதற்குள் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டாயா?" அதைப் பற்றித்தான் இங்கே பேச ஆசை. அதற்கு முன் விவரங்களைச் சொல்லிவிடுகிறேன், தமிழில் இதுபற்றிப் பெரிதாக எதுவும் இல்லை.

பசிபிக்கில் ஃபிஜிக்கு வடக்கே ஒன்பது தீவுகள். எல்லா நிலத்தையும் கூட்டினாலும் 26 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் ஏறத்தாழ 11,000 பேர். முன்பு பிரிட்டிஷ் ஆட்சியில் எல்லிஸ் தீவுகள் என்ற பெயரில், இன்றைய கிரிபாட்டியோடு சேர்ந்திருந்தது. பிறகு தனியாகப் பிரிந்து 1978 அக்டோபர் 1-இல் விடுதலை பெற்றது. தலைநகர் ஃபுனாஃபுட்டி. நடுவில் பெரிய கடற்காயல், அதைச் சுற்றி மாலையாகச் சிறு சிறு திட்டுகள். மக்களில் பாதிக்கு மேல் ஃபோங்காஃபாலே என்ற ஒரே திட்டில் வாழ்கிறார்கள். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அகலமான இடத்தில் 400 மீட்டர், ஒடுங்கிய இடத்தில் 20 மீட்டர்தான். அந்த ஒடுங்கிய இடத்தில் சாலையில் நின்றால் இந்தப் பக்கம் காயலும் அந்தப் பக்கம் பெருங்கடலும் ஒரே பார்வையில் தெரியும்.

விமான ஓடுபாதை ஊரின் நடுவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1942-இல் அமெரிக்கப் படை வந்து அமைத்தது. வேலி கிடையாது. விமானம் வரும் நேரத்தில் சைரன் ஒலிக்கும், தீயணைப்பு வண்டி ஒரு சுற்று வரும், ஆட்கள் ஒதுங்கிவிடுவார்கள். விமானம் இறங்கித் திரும்பிப் போனதும் அது மறுபடி ஊர்ப் பொது இடமாகிவிடும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கால்பந்து, கைப்பந்து, ரக்பி எல்லாம் அங்கேதான். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பெரியவர்கள் நடக்கிறார்கள், புழுக்கமான இரவில் பாயை எடுத்துவந்து அங்கேயே படுக்கிறவர்களும் உண்டு. ஒரு நாட்டுக்கே அதுதான் மைதானம், பூங்கா, முற்றம். அங்கே மாலை நேரத்தில் உட்கார்ந்திருந்தாலே துவாலுவைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

மற்றதைக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரைவாசி:
அருமை அண்ணே. சென்னையிலிருந்து வழி எப்படி? விசா? செலவு? முக்கியமாக, நான் சைவம். சமாளிக்க முடியுமா?

கடலோடி:
தம்பி, சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஃபிஜியின் நாடி, நாடியிலிருந்து சுவா, சுவாவிலிருந்து ஃபுனாஃபுட்டி. கடைசிக் கட்டம் ஏ.டி.ஆர். சிறு விமானத்தில் இரண்டரை மணி நேரம். வாரத்தில் சில நாள்தான் ஓடும். அதனால் முதலில் அந்த நாட்களைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப மற்ற டிக்கெட்டை எடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஃபிஜியில் முன்விசா தேவையில்லை, துவாலுவில் இறங்கிய பிறகு அனுமதி தருகிறார்கள். ஆனாலும் விதி மாறக்கூடியது, கிளம்பும் முன் ஒருமுறை எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

செலவில் பெரும்பகுதி விமானத்துக்கே போய்விடும். அங்கே புழங்குவது ஆஸ்திரேலிய டாலர். நாட்டின் முதல் ஏ.டி.எம். 2025 ஏப்ரலில்தான் வந்தது, பிரதமரே போய்த் திறந்துவைத்தார். நம் அட்டையை நம்பிப் போகாமல் தங்கும் நாட்களுக்கும் கூடுதலாகச் சில நாட்களுக்கும் சேர்த்து ரொக்கமாகவே கொண்டுபோங்கள்.

சாப்பாடு: சோறு எல்லா இடத்திலும் கிடைக்கும், அரிசி இறக்குமதி. தேங்காய், சீமைப்பலா, வாழை, பப்பாளி உண்டு. பவள மண்ணில் காய்கறி விளைவது கஷ்டம். தைவான்காரர்கள் உரம் சேர்த்து மண்ணைப் பக்குவப்படுத்தி ஒரு தோட்டம் நடத்துகிறார்கள், வெள்ளரிக்காய், கீரை எல்லாம் அங்கே வரும். சீக்கிரம் போனால்தான் கிடைக்கும். ஊர்க்காரர்களின் சாப்பாட்டில் மீன் இல்லாத வேளை அபூர்வம், அதனால் தங்குமிடத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள், செய்து தருவார்கள். பருப்பும் கொஞ்சம் மசாலாப் பொடியும் எடுத்துப் போனால் கவலையே இல்லை.

அப்புறம், தென்னம்பாளையைச் சீவி இறக்கும் கலேவேயைக் கட்டாயம் குடித்துப் பாருங்கள். காலையில் இறக்கியது நம் ஊர்ப் பதநீர் மாதிரியே இருக்கும். காய்ச்சிப் பாகாகவும் வைத்துக்கொள்கிறார்கள். புளிக்கவிட்டால் கள்.

தண்ணீர் விஷயத்தில் கவனம். ஆறு, ஏரி எதுவும் கிடையாது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் நாடே வாழ்கிறது. 2011-இல் மழை பொய்த்தபோது அவசரநிலை அறிவித்து, நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களைக் கொண்டுவர வேண்டியிருந்தது. நாம் குளிக்கிற தண்ணீர் அந்த வீட்டுக்காரரின் தொட்டியிலிருந்து வருகிறது. ஒரு வாளியில் முடித்துக்கொள்ளுங்கள்.

சுவா_தமிழன்:
நான் வேலை நிமித்தம் சுவாவில் இருக்கிறேன், அலுவலகப் பணிக்காக துவாலுவுக்கும் போயிருக்கிறேன். கடலோடி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வானிலை சரியில்லை என்றாலோ, விமானத்தில் கோளாறு என்றாலோ அன்றைய சேவை ரத்தாகும். அடுத்தது இரண்டு மூன்று நாள் கழித்து. எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. அதனால் துவாலுவிலிருந்து திரும்புகிற அன்றே நாடியிலிருந்து பன்னாட்டு விமானம் என்று வைக்கவே கூடாது. பயணக் காப்பீடு அவசியம். தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள். ஃபுனாஃபுட்டியில் ஒரே மருத்துவமனை, நாட்டுக்கே அதுதான். கடினமான நோய் என்றால் நோயாளியை ஃபிஜிக்கு அனுப்புகிறார்கள்.

ஃபிஜியில் இறங்கும் நாட்களை வீணாக்காதீர்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் மக்களின் வழித்தோன்றல்கள் இங்கே இருக்கிறார்கள். நாடியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். 1926-இல் தென்னிந்தியர்கள் தொடங்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது.

துவாலு மக்களும் ஃபிஜியில் ஒரு தீவில் குடியிருக்கிறார்கள். துவாலுவின் வைட்டுப்பு தீவில் மக்கள் நெருக்கம் கூடிவிடும் என்று பயந்து, அந்த ஊரார் பணம் சேர்த்து கியோவா என்ற தீவை விலைக்கு வாங்கினார்கள். 1947-இல் முதல் குடும்பங்கள் வந்திறங்கின. இடம்பெயர்வு பற்றிய யோசனை அவர்களுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நெய்தல்நிலா:
எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். துவாலு மூழ்கவே இல்லை, நிலப்பரப்பு கூடியிருக்கிறது என்று ஓர் ஆய்வு வந்ததே? செய்தியில் பார்த்தேன். அப்படியானால் இத்தனை வருடமாக ஊடகங்கள் சொன்னது மிகைதானா? போகிற வழியில் நாமும் அந்த அச்சத்தைத்தானே பரப்புகிறோம்?

பவளத்திட்டு:
நியாயமான கேள்வி. புவியியல் படித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நீங்கள் சொல்வது 2018-இல் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டது. 1971-இலிருந்து 2014 வரையிலான வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, துவாலுவின் 101 திட்டுகளை அளந்தார்கள். மொத்த நிலம் 2.9 சதவீதம் கூடியிருந்தது. அந்த அளவீடு சரியானதுதான். பவளத் தீவு என்பது அசையாத பாறை அல்ல. உயிருள்ள பவளமும் சிப்பியும் நுண்ணுயிர் ஓடுகளும் உடைந்து மணலாகி, அலை அதைக் கொண்டுவந்து கரையில் போடுகிறது. ஒரு பக்கம் அரிக்கும், ஒரு பக்கம் சேரும். 1972-இல் பேபே புயல் அடித்தபோது ஒரே இரவில் ஃபுனாஃபுட்டியின் பெருங்கடல் பக்கம் கிலோமீட்டர் கணக்கில் பவளக் கற்களால் ஒரு கரையே எழுந்தது. ஊரை அழித்த அதே புயல் தீவுக்குக் கல்லையும் கொடுத்தது.

ஆனால் நிலம் கூடுவதும் அங்கே மனிதர் வாழ முடிவதும் ஒன்றல்ல. கூடிய நிலம் கரையோரத்தில் மணலும் கல்லுமாகச் சேர்ந்தது. வீடும் கிணறும் பயிரும் இருக்கிற உட்பகுதி உயரவில்லை. கடல் மட்டமோ ஏறுகிறது. நாசா 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, துவாலுவைச் சுற்றிய கடல் மட்டம் முப்பது ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிடச் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2050 வாக்கில் நிலத்தின் பெரும்பகுதியும் முக்கியக் கட்டடங்களும் இன்றைய உயர் அலை மட்டத்துக்குக் கீழே இருக்கும் என்கிறது.

வெள்ளம் கரையைத் தாண்டி மட்டும் வருவதில்லை, அடியிலிருந்தும் வருகிறது. தரை முழுக்கத் துளை உள்ள பவளம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரும் பெரிய ஓதத்தின்போது, அதாவது கடல் வழக்கத்தைவிட உயர ஏறும் நாட்களில், உட்பகுதியில், வீட்டு முற்றத்திலேயே உப்புத் தண்ணீர் குமிழியிட்டு ஊறும். கடற்சுவர் கட்டி இதைத் தடுக்க முடியாது. இதில் முதலில் பாதிக்கப்படுவது புலாக்கா. அது பெரிய சதுப்புச் சேம்பு. நிலத்தடியில் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக, உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கும். அதைத் தொடும் ஆழத்துக்குக் குழி வெட்டி, இலை தழை உரம் போட்டுத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கிறார்கள். உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும். குழி கைவிட்டுப் போகும்.

இன்னொன்று. பவளத் தீவு எப்படி உருவானது என்று உலகம் தெரிந்துகொள்ள உதவியதும் இதே ஃபுனாஃபுட்டிதான். எரிமலை மெல்ல அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்ததால் உண்டானது என்று டார்வின் சொன்னதைச் சோதிக்க, லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை இங்கே துளையிட்டது. 1,114 அடி வரை போனார்கள், எரிமலைப் பாறையைத் தொடவில்லை. அத்தனை ஆழத்துக்கும் பவளச் சுண்ணாம்புதான். அந்தத் துளை இருந்த இடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

நெய்தல்நிலா:
நன்றி. செய்தியின் தலைப்பை மட்டும் படித்தால் இதெல்லாம் தெரியாது.

வன்னியூராள்:
நான் ஆக்லாந்தில் இருக்கிறேன். மேற்கு ஆக்லாந்தில் துவாலு சனம் நிறைய. என் மகளின் வகுப்பிலும் இருக்கிறார்கள், அவர்களுடைய தேவாலயக் கொண்டாட்டங்களுக்கு எங்களையும் அழைப்பார்கள். அவர்களோடு கதைத்ததில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

"மூழ்குகிற நாடு" என்ற சொல் அவர்களுக்குப் பிடிக்காது. ஊரில் கலியாணம் நடக்கிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள், பாடசாலை நடக்கிறது, வீடு கட்டுகிறார்கள். தாங்கள் செத்துக்கொண்டிருப்பதுபோல வெளியார் வந்து படம் எடுப்பதைப் பார்த்து ஒரு அம்மா என்னிடம் மிகவும் மனம் நொந்து சொன்னார். வீட்டின் முன்னாலேயே தாய் தகப்பனை அடக்கம் செய்து, கல்லறைக்குக் கூரை போட்டுப் பூ வைத்துப் பராமரிக்கிற மக்கள் அவர்கள். அந்த மண்ணை விட்டு வருவது பற்றி வெளியார் எளிதாகப் பேசக்கூடாது.

போவதற்கு வழிகள் இருக்கின்றன. நியூசிலாந்து 2002 முதல் ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் குடியுரிமைக்கு வழியுள்ள விசா தருகிறது. ஆஸ்திரேலியாவோடு ஃபலேபிலி ஒப்பந்தம் 2023-இல் கையெழுத்தாகி 2024-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வாழலாம். 2025-இல் முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து 8,000-க்கும் மேற்பட்டவர்கள் பதிந்தார்கள். இதைப் பார்த்து "எல்லாரும் ஓடுகிறார்கள்" என்று எழுதினார்கள். அது சரியில்லை. அந்த விசாவில் போய்த் திரும்பவும் வரலாம். படிக்க, வேலை செய்ய, வைத்தியம் பார்க்க ஒரு கதவு திறந்திருக்கட்டும் என்று பதிந்தவர்கள்தான் எனக்குத் தெரிந்த குடும்பங்களில் அதிகம். ஊரை இழப்பது என்னவென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அதனால்தான் அவர்களின் இந்த நிதானத்தை மதிக்கிறேன்.

2023-இல் அரசியலமைப்பைத் திருத்தி, நிலத்துக்கு என்ன நேர்ந்தாலும் துவாலு என்ற அரசு என்றைக்கும் நிலைத்திருக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படி எழுத வேண்டி வந்த ஒரு மக்களைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போங்கள்.

பச்சைப்பாதை:
எல்லாம் சரி, ஆனால் அடிப்படையான ஒன்றை யாரும் பேசவில்லை. கடல் ஏறுவதற்குக் காரணம் கரியமில வாயு. நான்கு விமானம் மாறி அங்கே போய், அந்த மக்களுக்காக வருந்துவதில் என்ன நேர்மை இருக்கிறது? உண்மையான அக்கறை என்றால் போகாமல் இருப்பதுதான்.

கடலோடி:
இந்தக் கேள்வி என் மனதிலும் இருந்தது, அதனால் நேராகவே பேசுகிறேன். விமானம் புகை விடுகிறது, அதை மறுக்க முடியாது. வேறு எந்த இடத்துக்கும் போகலாம், துவாலுவுக்கு மட்டும் போகக்கூடாது என்றால்தான் எனக்கு ஒப்பவில்லை. ஃபிஜிக்கு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பயணிகள் போகிறார்கள். உலகிலேயே மிகக் குறைவான பயணிகள் போகும் நாடுகளில் ஒன்று துவாலு. அந்த மக்களைக் காப்பாற்றுவதாகச் சொல்லி அவர்கள் வீட்டு வாசலை மட்டும் தவிர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அவர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இணைய முகவரிகளின் கடைசியில் வரும் டி.வி. என்ற குறியீடு அவர்களுக்குச் சொந்தம். அதை வாடகைக்கு விட்டு வந்த பணத்தில்தான் 2000-இல் ஐ.நா.வில் உறுப்பினரானார்கள். சூரை மீன் பிடிக்கும் உரிமைக் கட்டணம் அவர்களுடைய பெரிய வருமானம். அமெரிக்கர்கள் ஓடுபாதை போட மண் தோண்டிய பள்ளங்கள் எழுபது வருடமாகக் குப்பையும் உப்புத் தண்ணீருமாகக் கிடந்தன. அவற்றின் ஓரத்திலேயே குடும்பங்கள் வாழ்ந்தன. 2015-இல் நியூசிலாந்து உதவியோடு காயல் மணலைக் கொண்டு அவற்றை நிரப்பினார்கள். அரசு அலுவலகம் இருக்கும் வையாகு பக்கம் காயலிலிருந்து ஏழு ஹெக்டேர் புதிய நிலத்தை எழுப்பியிருக்கிறார்கள், அந்த மேட்டில் நின்று பார்த்தால் பழைய ஊர் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது புரியும். 2021-இல் ஆன்டிகுவா பார்புடாவோடு சேர்ந்து ஒரு சிறு தீவு நாடுகளின் ஆணையத்தைத் தொடங்கி, பன்னாட்டுக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2024 மே மாதம், பசுமைக்குடில் வாயுவும் கடலை மாசுபடுத்துவதுதான், அதைத் தடுப்பது அரசுகளின் கடமை என்று தீர்ப்பாயம் கருத்துரைத்தது. 11,000 பேர் உள்ள நாடு செய்த காரியம் இது.

எனவே என் கருத்து இதுதான். "கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம்" என்ற ஆசைக்காகப் போவதாக இருந்தால், பச்சைப்பாதை சொல்வதுபோல வீட்டிலேயே இருக்கலாம். ஒரு விமானத்தில் வந்து, முழங்கால் தண்ணீரில் நின்று படம் எடுத்து, அடுத்த விமானத்தில் திரும்புகிற பயணத்தால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. விருந்தாளியாக ஒரு வாரமாவது தங்குவதாக இருந்தால் போங்கள். குடும்பங்கள் நடத்தும் விடுதியில் தங்குங்கள். விமான நிலையத்தருகே பெண்கள் நடத்தும் கைவினை மையத்தில் விசிறியும் சிப்பி மாலையும் வாங்குங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அங்கே போட இடமில்லை. தீவின் வடகோடியில் குப்பை மேட்டைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

பச்சைப்பாதை:
முழுதாக ஒப்பவில்லை. ஆனால் தங்கும் கால அளவு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அரிதாகப் போவது, போனால் நீண்ட நாள் இருப்பது. அந்தத் தீர்ப்பாய விஷயம் எனக்குப் புதிது, தேடிப் படிக்கிறேன்.

வன்னியூராள்:
போகிறவர்களுக்கு மரியாதை பற்றிச் சில வார்த்தை. ஊருக்குள் நீச்சல் உடையில் நடக்கக் கூடாது, பெண்கள் தோளும் முழங்காலும் மூடுகிற உடை போடுங்கள். ஞாயிறு அன்று காலையில் எல்லாரும் தேவாலயத்தில் இருப்பார்கள், பிறகு ஓய்வு. கடை, படகு எதையும் எதிர்பார்க்காதீர்கள். நீங்களும் ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் இருக்கலாம், அந்தக் கூட்டுப் பாட்டைக் கேட்கவே போகலாம். 1861-இல் குக் தீவுகளிலிருந்து படகு தவறி, வாரக்கணக்கில் கடலில் அலைந்து நுக்குலாயிலாயி தீவில் ஒதுங்கிய எலெகானா என்பவர் கொண்டுவந்த சமயம் அது. இரண்டே வருடத்தில் பெருவிலிருந்து அடிமை பிடிக்கும் கப்பல்கள் வந்து, நல்ல இடத்துக்குக் கூட்டிப் போகிறோம் என்று ஏமாற்றி, அந்தத் தீவிலும் ஃபுனாஃபுட்டியிலும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்கள் அநேகமாக இல்லை.

மனேயாப்பா என்ற பொது மண்டபத்துக்கு அழைத்தால் பாயில் சப்பணமிட்டு இருங்கள், காலை நீட்டாதீர்கள். ஃபாத்தேலே ஆட்டம் நடந்தால் பாருங்கள். நடுவில் ஆண்கள் வட்டமாக இருந்து மரப்பெட்டியைக் கையால் அடித்துப் பாடுவார்கள், மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். இரண்டு அணிகள் மாறி மாறி ஆடும், ஒன்றை ஒன்று மிஞ்சப் பார்க்கும். தலையில் பூமாலை வைத்து உங்களையும் எழுப்பி ஆடச் சொல்வார்கள், மறுக்காதீர்கள்.

மதுரைவாசி:
அக்கா, அண்ணே, எல்லாருக்கும் நன்றி. கடைசியாக இரண்டு கேள்வி. எந்த மாதம் நல்லது? காயலின் மறுபக்கம் இருக்கும் பாதுகாக்கப்பட்ட திட்டுகளுக்கு எப்படிப் போவது?

சுவா_தமிழன்:
மே முதல் அக்டோபர் வரை மழையும் புயலும் குறைவு, காற்று நன்றாக வீசும். அக்டோபர் 1 விடுதலை நாள் என்பதால் அந்த வாரம் ஊர்வலம், ஆட்டம், விளையாட்டு என்று களைகட்டும், ஆனால் அறை கிடைப்பது கஷ்டம். பெரிய ஓதத்தைப் பார்க்கவென்றே பிப்ரவரியில் போகிறவர்கள் உண்டு. அந்த நாட்களில் ஊர்க்காரர்கள் வீட்டுச் சாமான்களை உயரத்தில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்புப் பகுதி காயலின் மேற்குப் பக்கம், 33 சதுர கிலோமீட்டர், ஆறு திட்டுகள். கௌப்புலே என்ற தீவு மன்றத்தில் கேட்டு அனுமதியும் படகும் ஏற்பாடு செய்ய வேண்டும். முதல் நாளே போய்ப் பெயர் கொடுத்துவிடுங்கள். காற்று பார்த்துத்தான் படகை எடுப்பார்கள், அதனால் முதல் இரண்டு நாளில் முயன்றால் ஒத்திப்போட இடம் இருக்கும். கடற்பறவைகள் கூடு கட்டும் இடங்கள், பச்சை ஆமை முட்டையிடும் கரைகள், காலடி கவனம். மீன் பிடிக்கக் கூடாது, சிப்பி பொறுக்கக் கூடாது. அந்த ஆறில் தெப்புக்கா சவிலிவிலி 1997-இல் வந்த புயல்களில் மரங்களையும் மணலையும் இழந்து வெறும் பாறைத் திட்டாகிவிட்டது. படகோட்டியிடம் கேட்டால் காட்டுவார். குடிநீர், தொப்பி, முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கடை எதுவும் இல்லை. படகுக்குத் தரவேண்டிய பணத்தைச் சில்லறையாகவே வைத்திருங்கள்.